ஊசிமுனையில் ஒரு நூற்றாண்டு – 12: படைத்தவரே வாசித்தால் அதுதான் தீர்ப்பா?

இதுவரை: 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பெட்டி படுக்கையோடு இறங்கினார். பாடகி கௌஹர் ஜான் பதிவுக் கருவியின் கொம்புக்குள் பாடி, முடிவில் தன் பெயரை இங்கிலீஷில் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கொம்பு தெற்கே வந்தது. கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி, நம் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று ஒவ்வொருவராக அதன் முன் நின்றார்கள். அவர்கள் பாடிய மெழுகுத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அங்கே அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்தக் கடல் பயணம் நின்றது.

இவர்கள் எல்லோரும் பாடியது பிறர் செய்த பாட்டு. தியாகராஜர், சியாமா சாஸ்திரி, வள்ளலார் என்று முன்னோர் விட்டுச்சென்ற சொத்து.

பாட்டைச் செய்தவரே கொம்புக்கு முன்னால் வந்து நின்றால்? அவரிடமிருந்து என்ன கிடைக்கும்? அவர் வாசித்தபடிதான் இனி எல்லோரும் வாசிக்க வேண்டுமா?

இந்த வாரக் கதை அதுதான். வியன்னாவில் தொடங்கி, பாரிஸ், எட்டயபுரம் வழியாகக் காஞ்சிக்கு வருகிறது.

★

வியன்னா, டிசம்பர் 2, 1889

டாக்டர் ஃபெல்லிங்கர் என்பவரின் வீடு. எடிசனின் ஆளான தியோ வாங்கமன் மெழுகு உருளை பொருத்திய பொனோகிராபோடு வந்திருக்கிறார். பியானோ முன் உட்கார்ந்திருப்பவர் யோஹானஸ் பிராம்ஸ். வயது 56. ஐரோப்பா முழுக்கக் கொண்டாடும் பெயர்.

வாசிக்கத் தொடங்குகிறார். தன்னுடைய ஹங்கேரிய நடனங்களில் முதலாவது. அதில் ஒரு பகுதிதான். உருளையில் அதற்கு மேல் இடமில்லை.

இன்று அந்தப் பதிவைக் கேட்பவருக்கு முதலில் காதில் விழுவது இரைச்சல். அடைமழையில் தகரக் கூரையின் கீழ் நிற்கும்போது எதிர்வீட்டில் யாரோ பியானோ வாசிப்பதாகத் தோன்றும். முதலில் ஒரு குரல் கத்தி ஏதோ அறிவிக்கிறது. அது பிராம்ஸின் குரலா வாங்கமனின் குரலா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு தாளம் துள்ளுகிறது.

உருளை தேய்ந்து விரிசல் விட்டது. 1930களில் அதைத் தட்டுக்கு மாற்றினார்கள். 1990களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜொனதன் பெர்கர் கணினியால் இரைச்சலைச் சலித்து, உள்ளே இருக்கும் சுரங்களைத் தேடினார். தேடியவர்களுக்குக் கிடைத்தது ஒரு சங்கடம். அச்சிட்ட புத்தகத்தில் இருப்பது போல பிராம்ஸ் வாசிக்கவில்லை. சம அளவாக எழுதியிருந்த இடங்களில் ஒன்றை நீட்டி அடுத்ததைக் குறுக்கினார். தன் பாட்டிலேயே கொஞ்சம் கூட்டிக் குறைத்து வாசித்தார்.

எழுதியவரும் அவர்தான். எழுத்தை மீறியவரும் அவர்தான்.

இதற்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 1903இல், நார்வேயின் எட்வர்ட் கிரீக் பாரிஸில் தன் பியானோ உருப்படிகளில் ஒன்பதைத் தட்டில் பதிவு செய்தார். அதிலும் இதே கதை. நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் அவர் நம்மை விட்டுவிட்டு ஓடுகிறார். வேகம் நாம் நினைத்ததைவிடக் கூடுதல், நெகிழ்வும் கூடுதல்.

தட்டின் நீளமும் அவரைத் துரத்தியிருக்கலாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். ஊசி நடுவட்டத்தை நெருங்கும் முன் பாட்டு முடிய வேண்டும். பாடகரும் பியானோக்காரரும் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்கள். எனவே பழைய தட்டில் வேகத்தைக் கேட்டவுடன் அது படைத்தவரின் விருப்பம் என்று முடிவு கட்டக் கூடாது. கம்பெனியின் மெழுகுக்கும் அதில் பங்கு உண்டு.

★

துளை பிடித்துக்கொண்ட விரல்கள்

மெழுகு தேயும். மூன்று நிமிடத்தில் நிற்கும். மூலையில் இருக்கும் ஒலி கேட்காது. இந்தக் குறைகளைத் தாண்ட ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வெல்டே கம்பெனி 1904இல் வேறு வழி கண்டது. ஒலியைப் பிடிக்காமல் விரலைப் பிடிப்பது.

அது எப்படி என்று ஏனாத்தூர்க்காரருக்கும் காஞ்சியைச் சுற்றியுள்ள நெசவு ஊர்க்காரருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த வித்தை. தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்குகின்றன. நெசவாளர் மிதியை ஒருமுறை அழுத்தினால் ஒரு அட்டை திரும்புகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். முந்தியில் ஒரு மயில் தோகை விரிப்பது அத்தனை துளைகளின் கூட்டு வேலை.

வெல்டே பியானோவில் அட்டைக்குப் பதில் காகிதச் சுருள். பாவு இழைக்குப் பதில் பியானோ கட்டை. துளை வரும்போது காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அந்தக் கட்டை தானாக அமுங்கும். வாசித்தவர் எந்தச் சுரத்தை எப்போது தொட்டார், எவ்வளவு நேரம் பிடித்தார், எங்கே அழுத்தினார், எங்கே மென்மையாக விட்டார் என்பதையெல்லாம் சுருள் சுமந்தது. ஆள் இல்லாமல் பியானோ வாசிக்கும். கட்டைகள் மட்டும் மேலும் கீழும் ஆடும்.

1913 வாக்கில் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் குளோட் டெபுசி. பிரெஞ்சு இசையின் திசையையே திருப்பியவர். ஆறு சுருள்களில் தன் உருப்படிகள் 14ஐ வாசித்துவிட்டுப் போனார்.

அதில் ஒன்று, நீரில் மூழ்கிய தேவாலயம் பற்றியது. கடலுக்கடியிலிருந்து ஒரு கோயில் மெல்ல எழும்பி, மணி ஒலித்து, மறுபடி மூழ்கும் பழைய பிரெத்தோன் கதையை பியானோவில் சொல்லும் உருப்படி. 1910இல் அச்சானது. அச்சுப் பிரதியை வைத்து உலகமெல்லாம் அதை வாசித்தார்கள். நடுப்பகுதி இழுபடும். கோயில் எழும்புவதற்குள் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். டெபுசி அப்படித்தான் நினைத்திருக்கிறார் போலும் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

சுருளைப் போட்டுக் கேட்டபோது உண்மை தெரிந்தது. ஏழாவது தாளவட்டம் வந்ததும் டெபுசி வேகத்தை இரட்டிப்பாக்குகிறார். பன்னிரண்டு வரை அப்படியே போய்ப் பழைய நடைக்கு வருகிறார். பிறகு இருபத்திரண்டில் மறுபடி இரட்டிப்பு. கடைசிப் பகுதி வரை அது தொடர்கிறது. நம் கச்சேரி மொழியில் சொன்னால் விளம்பத்திலிருந்து மத்திமகாலத்துக்குத் தாவுகிறார்.

அச்சில் அந்தக் குறிப்பு எங்குமே இல்லை.

மறந்துவிட்டாரா? அச்சகத்தில் விட்டுப்போனதா? தனக்குத் தெரிந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தாரா? காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். அவர் கை காகிதத்தில் பதியாமல் போயிருந்தால் அந்தக் கோயில் இன்றும் பாதி வேகத்திலேயே எழும்பிக்கொண்டிருக்கும்.

படைத்தவரின் கை காகிதத்தை வென்ற இடம் இது.

ஆனால் சுருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சுருள் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் காலப்பிரமாணம் மாறிவிடும். பியானோவைச் சரியாகச் சீர்செய்யாவிட்டால் மென்மை கரடுமுரடாகும். அதைவிடப் பெரிய வேடிக்கை பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெலின் கதை. அவரும் 1913இல் வெல்டேவுக்கு வாசித்தார். 1920களில் வேறொரு கம்பெனிக்கு வாசித்தபோது, மிகக் கடினமான இரண்டு உருப்படிகளை இளைஞர் ரொபேர் கசாடெசுவை வாசிக்க வைத்தார். சுருள் ராவெலின் பெயரில் விற்றது. படைத்தவரே வாசித்தது என்று ரசிகர்கள் உருகி உருகிக் கேட்டது இன்னொருவர் விரலை.

★

1904: இரண்டு ஊர்கள், இரண்டு வழிகள்

கொஞ்சம் பின்னால் போவோம். 1904ஆம் ஆண்டு.

பாரிஸில் டெபுசி முதன்முதலாகக் கிராமபோன் கொம்புக்கு முன்னால் பியானோ வாசிக்கிறார். மேரி கார்டன் என்ற பாடகி அவருடைய பாட்டுகளைப் பாட, அவர் பக்கவாத்தியம். மொத்தம் நான்கு பக்கம். பியானோ எங்கோ பின்கட்டில் ஒலிப்பது போலத்தான் கேட்கிறது. ஆனாலும் அது டெபுசி.

அதே 1904இல் எட்டயபுரத்தில், ஜமீனின் ஆதரவில், வித்யாவிலாசினி அச்சகத்திலிருந்து ஒரு பெரும் புத்தகம் வெளிவருகிறது. ஏறத்தாழ 1,700 பக்கம். தெலுங்கு எழுத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. எழுதியவர் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன், சுவீகாரப் பிள்ளை. தானே கீர்த்தனை செய்த வாக்கேயக்காரர்.

அவரை இந்த வேலைக்கு இழுத்துவந்தவர் சின்னசாமி முதலியார். நம் பாட்டுகளை மேல்நாட்டுச் சுரக்குறிப்பில் அச்சேற்றிவிட வேண்டும் என்று கைக்காசைச் செலவழித்து, கண்பார்வை மங்கும்வரை உழைத்தவர். தீட்சிதர் பரம்பரையின் பாட்டெல்லாம் ஒரு கிழவரின் நினைவில் மட்டும் இருக்கிறதே என்ற பதைப்பு அவருக்கு. குடும்பச் சொத்தை வெளியே கொடுப்பதா என்று தீட்சிதர் தயங்கினார். பிறகு இசைந்தார்.

புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பாருங்கள். சாகித்தியத்துக்கு மேலே சுரம். சுரத்துக்கு மேலே வளைவும் கோடும் கொக்கியுமாகச் சின்னச் சின்னக் குறிகள். இது கம்பிதம், இது ஜாரு, இது நொக்கு, இது ஸ்புரிதம் என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடையாளம். சாதாரண அச்செழுத்து போதாமல் அதற்கென்று எழுத்து வார்க்க வேண்டியிருந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 229 அதில் உள்ளன. சுப்பராம தீட்சிதர் செய்த பாட்டுகளும் உள்ளன.

கொம்பு பாரிஸில் டெபுசியின் ஒலியைப் பிடித்த அதே ஆண்டில், எட்டயபுரத்தில் ஒருவர் குரலின் நடுக்கத்தை ஈய எழுத்தில் பிடித்துவைத்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1906இல், சுப்பராம தீட்சிதர் காலமானார். அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. அதற்கு முன்பே 1902இல், கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கால் வைத்த அதே ஆண்டில், பட்டணம் சுப்ரமணிய ஐயர் போய்விட்டார். மகா வைத்தியநாத ஐயர் 1893இலேயே போய்விட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் 1896இல். பிராம்ஸுக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிட இரைச்சல்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இழப்புதான். ஆனால் எதை இழந்தோம் என்பதில் தெளிவு வேண்டும். பாட்டை இழக்கவில்லை. அது சிஷ்யர்களின் தொண்டையில் இருந்தது. ‘எங்கள் வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்’ என்ற பாடாந்தரம் நமக்குச் சுருளாகவும் தட்டாகவும் இருந்தது. தேயும், கூடும், குறையும், ஆனாலும் ஓடும். நாம் இழந்தது ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை. இரண்டு பள்ளிகள் ஒரே கீர்த்தனையை இரண்டு விதமாகப் பாடி, எங்களுடையதுதான் அசல் என்று மல்லுக்கு நிற்கும்போது, டெபுசியின் சுருளைப் போல நடுவில் வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

★

தாயியின் தட்டு பியானோவில் ஏறியது

இந்த இடத்தில் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

ராவெலின் மாணவர் மோரிஸ் தெலாழ். அப்பாவுக்கு காலணி மெருகு செய்யும் தொழிற்சாலை, பணத்துக்குக் குறைவில்லை. 1911 கடைசியில் பெற்றோருடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஊர் பார்க்க வந்தவரை இங்கே பிடித்து நிறுத்தியது பாட்டு. முக்கியமாகக் கோயமுத்தூர் தாயியின் குரல்.

பழனிக்குஞ்சரம் என்பது தாயியின் இயற்பெயர். 1872இல் பிறந்தவர். அன்றைய தமிழ்நாட்டில் இசைத்தட்டு வாங்குகிறவர் வீட்டில் தாயி பிளேட்டு இல்லாமல் இருக்காது. தாயியின் குரல் மூன்று நிமிடத்துக்குள் ராகத்தைக் காட்டி, பாட்டைச் சொல்லி, பிருகாவை உதிர்த்துவிட்டு, மூச்சு வாங்காமல் முடிக்கும்.

தெலாழ் தட்டுகளோடு பாரிஸ் திரும்பினார். அங்கே அவர் செய்ததுதான் நம் தொடருக்கு முக்கியம். ஊசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுக் கேட்டு, காதால் எழுதினார். தாயி பாடிய வள்ளலாரின் அருட்பா ஒன்று, குரலும் பியானோவும் சேர்ந்த உருப்படியாக மாறியது. பெயர்: ‘ராகமாலிகா’. பிரெஞ்சுப் பாடகர்கள் தமிழ்ச் சொற்களையே பாட வேண்டும்.

பியானோவில் ஒரு சிக்கல். அதில் சுரம் அசையாது. தட்டினால் தட்டிய இடத்தில் நிற்கும். கமகம் என்பதே கிடையாது. அசைவைக் குரலிடம் விட்டுவிட்டார் தெலாழ். மிருதங்கத்துக்கு? கீழ்ஸ்தாயியில் ஒரு கட்டையின் தந்திக்கடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொன்னார். நாதம் அடங்கி, ‘தொம்’ என்று தோல்வாத்தியம் போல ஒலித்தது. பியானோவின் தந்திக்குள் பொருளைச் செருகி ஒலியை மாற்றும் வழக்கம் பிற்பாடு அமெரிக்காவின் ஜான் கேஜால் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பல ஆண்டு முன்பே அதைச் செய்ய வைத்தது ஒரு தமிழ் பிளேட்டு.

அந்தப் பயணத்தில் பிறந்த இன்னொரு படைப்பு நான்கு இந்தியப் பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர், முதலாவது சென்னை. 1914 ஜனவரி 14ஆம் தேதி பாரிஸில் அரங்கேறியது. அதே மேடையில் அன்று ராவெலின் புதுப் படைப்பும் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதுப் படைப்பும் அரங்கேறின.

1874இல் மறைந்த வடலூர் வள்ளலாரின் சொல், 1917இல் மறைந்த தாயியின் தொண்டை, பாரிஸ்காரரின் பியானோ. இதில் படைத்தவர் யார்? தட்டைக் கேட்டு எழுதியவரா, தட்டில் பாடியவரா, பாட்டைச் செய்தவரா? தாயி அந்த மூன்று நிமிடத்தில் போட்ட சங்கதிகள் எந்த ஏட்டிலும் இருந்தவை அல்ல. வள்ளலார் சுரம் எழுதிவைக்கவில்லை. தெலாழ் எழுதியெடுத்தது தாயியின் கற்பனையைத்தான்.

நம் சங்கீதத்தில் பாடுகிறவரும் பாதிப் படைப்பாளி. ஆலாபனையும் நிரவலும் சுரமும் அன்றன்றைக்குப் பிறப்பவை. இப்படிப் பார்த்தால் தாயியும் தனகோடி அம்மாளும் கொம்புக்கு முன் பாடிய ஒவ்வொரு தட்டும் படைத்தவரே பதிவு செய்த தட்டுதான். நாம்தான் அந்தப் பெயரில் அதை வரவு வைக்கவில்லை.

★

காஞ்சியில் ஒருவர் மறுத்தார்

தனகோடி அம்மாளும் அவர் சகோதரி காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடிய காலத்தில் காஞ்சிபுரத்துக்கு வெளியேயும் அந்த வீட்டுச் சங்கீதத்துக்குத் தனி மரியாதை. காமாட்சி அம்மாளின் மகன் சுப்ரமணிய பிள்ளை. ஊர் அவரை நயினா பிள்ளை என்றது. 1889இல், பிராம்ஸ் வியன்னாவில் மெழுகு உருளைக்கு வாசித்த அதே ஆண்டில், பிறந்தவர்.

நயினா பிள்ளை கச்சேரி என்றால் மேடை நிரம்பி வழியும். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாக உட்காருவார்கள். ‘புல் பெஞ்சு’ என்று ரசிகர்கள் கோர்ட்டுப் பாஷையில் சொன்னார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையைப் போன்ற மலைகள் எதிரே உட்கார்ந்து கணக்கு வைக்க, நயினா பிள்ளை நடுவில் பல்லவியை எடுத்துக்கொண்டு, எடுப்பு பிசகாமல் வந்து நிற்பார். திருப்புகழின் கடினமான தாளங்கள் அவருக்கு விளையாட்டு. காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தினார்.

அவர் இசைத்தட்டுக்குப் பாட மறுத்தார்.

வசதி இல்லாமல் அல்ல. 1925க்குப் பிறகு மைக் வந்துவிட்டது; கொம்புக்குள் கத்த வேண்டிய தேவை போய்விட்டது. கம்பெனிகள் சென்னையில் கடை விரித்துப் பாடகர்களைத் தேடி அலைந்த காலம். பெரியம்மா முறையான தனகோடி அம்மாள் தட்டில் பாடியவர். வீட்டிலேயே முன்னுதாரணம் இருந்தது. ஆனாலும் அவர் மாட்டேன் என்றார்.

அவர் சங்கீதத்தைப் பார்த்தாலே ஒரு காரணம் விளங்கும். இத்தனை பேர் உட்கார்ந்து மணிக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போகும் பல்லவியை மூன்று நிமிடத்துக்குள் எப்படி மடக்குவது? கிரீக் மூன்று நிமிட உருப்படிகளை எழுதியவர், ஓடி முடித்துவிட்டார். நயினா பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்பது சுருதி சேர்க்கவே காணாது.

1934இல் காலமானார். வயது 45கூட நிரம்பவில்லை. அவர் குரல் ஒரு வினாடிகூட மிஞ்சவில்லை.

ஆனால் அவர் சங்கீதம்? வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா அவரிடம் கற்றார். சித்தூர் சுப்ரமணிய பிள்ளை அவரிடம் கற்றார். தட்டையே தொடாத குருவின் சிஷ்யருக்கு ‘மதுரா நகரிலோ’ என்ற தட்டு ஊரெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்தது. தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள் பட்டம்மாள், காஞ்சியில் நயினா பிள்ளை கச்சேரிகளைக் கேட்டே வளர்ந்த சிறுமி, பின்னாளில் பெண்கள் பல்லவி பாடுவதா என்ற முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடினார். அந்தப் பல்லவியில் நயினா பிள்ளையின் லயம் ஒலித்தது என்று ரசிகர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

டெபுசி தன் கையைச் சுருளில் விட்டுச்சென்றார். சுப்பராம தீட்சிதர் தன் குரலை ஈய எழுத்தில் விட்டுச்சென்றார். நயினா பிள்ளை தன்னைப் பிறர் தொண்டையில் விட்டுச்சென்றார்.

★

எது தீர்ப்பு?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். படைத்தவரே வாசித்தால் அதுதான் கடைசி வார்த்தையா?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். படைத்தவரின் பதிவு முதல்தரச் சாட்சி. தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது. பிராம்ஸ் அடுத்த நாள் வாசித்திருந்தால் வேறு விதமாக வாசித்திருப்பார். கிரீக்கின் வேகத்தில் மெழுகுக்கும் பங்கு. ராவெலின் பெயரில் வேறொருவர் கை. ஆனால் டெபுசியின் சுருள் இல்லையென்றால் அச்சுப் பிழையை வேதமாக நம்பியிருப்போம்.

பழைய பதிவுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: தன் பாட்டைக் காகிதத்தில் இருப்பதுபோலவே வாசித்த படைப்பாளியைக் காண்பது அரிது. பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பிருகாகூட மாற்றாமல் பாடுபவர், படைத்தவரைவிடக் கறாராக இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

காஞ்சிபுரம் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், நூல் கட்டுகளுக்கு அடியில் கறுப்புத் தட்டுகள் கிடக்கலாம். கீறியது, விளிம்பு உடைந்தது என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். வெயிலில் வைத்தால் வளையும். உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளையும் சேகரித்துக் காக்கிறது. ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் தெருவில் ஒரு வீடு, இரண்டு வீடு கேட்டுப் பார்த்தாலே போதும். பிராம்ஸின் விரிசல் விட்ட உருளையிலிருந்தே இவ்வளவு கிடைத்திருக்கிறது.

நயினா பிள்ளை கடைசிவரை மறுத்தார். ஆனால் சென்னை ஜார்ஜ் டவுனில் ஒருவர் மனம் மாறினார். பெரும்பாலும் வீட்டுக்கு வந்து கேட்பவர்களுக்கே வாசித்தவர். ஒரு சின்ன சத்தம் வந்தாலும் வீணையைக் கீழே வைத்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அறுபத்தைந்து வயதில், 1932இல், கொலம்பியா கம்பெனியின் மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார் வீணை தனம்மாள்.

அத்தனை ஆண்டு ஒதுங்கியிருந்தவர் அப்போது ஏன் சம்மதித்தார்?

(அடுத்த வாரம்)